டெரிக்கின் பூர்வீகம்

கப்பல் பழுது பார்க்கும் அந்தப் பட்டறையில் டெரிக் என்று சொன்னால் இரண்டு பேரைக் குறிக்கும். ஒன்று இரும்பு, இன்னொன்று மனுஷன்.

இரும்பு டெரிக் தண்ணீர் ஓரமாக நின்றது. நாலு மாடி உயரத்துக்கு ஒரு கம்பம். அதன் காலடியிலிருந்து சாய்வாக மேலே நீளும் ஒரு கை. அந்தக் கையைக் கம்பத்தின் உச்சியிலிருந்து ஒரு தடித்த வயர் தாங்கிப் பிடித்திருக்கும். கையின் நுனியில் கப்பி, கப்பியிலிருந்து தொங்கும் வயர், வயரின் முனையில் ஆளை விழுங்குகிற மாதிரி ஒரு கொக்கி. கப்பலுக்குள்ளிருந்து எதை வெளியே எடுப்பதானாலும் எதை உள்ளே இறக்குவதானாலும் அந்தக் கொக்கிதான். மனுஷ டெரிக் அதற்கு எதிரே தகரக் கொட்டகைக்குள், வயரைச் சுருட்டி இழுக்கிற வின்ச்சின் நெம்புகோலைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மகளுக்குக் கல்யாணம் பேச வந்தவர்கள் கூடத் தெருமுனையில் அந்தப் பேரைச் சொல்லி விசாரித்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் திண்டாடி, கடைசியில் "டெரிக்கு வீடா? நேரா போங்க" என்று யாரோ வழி காட்டித்தான் வந்து சேர்ந்தார்கள்.

அந்தப் பேர் அவருக்குச் சும்மா வரவில்லை. வாலிப வயதில் மூட்டை சுமக்கிற ஆளாகத்தான் உள்ளே போனார். ஒரு நாள் வின்ச் ஓட்டுகிறவருக்குக் காய்ச்சல். கப்பலில் கண்ணாடிப் பலகைகள் அடுக்கிய பெட்டி காத்துக் கிடந்தது. "யாருக்குடா ஓட்டத் தெரியும்?" என்று மேஸ்திரி கேட்க, தினமும் வேடிக்கை பார்த்த தைரியத்தில் இவர் கையைத் தூக்கிவிட்டார். பூனை தன் குட்டியைக் கவ்வி வைக்கிற மாதிரி அந்தப் பெட்டி தரைக்கு வந்தது. சத்தமே இல்லை. மேஸ்திரி பெட்டியைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார். "இரும்பு டெரிக் அங்க நிக்குது. நிஜ டெரிக் இவன்தான்" என்றார். அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. இவருக்கும் உள்ளூரப் பெருமைதான். கம்பெனி கொடுத்த தொப்பியில் பெயிண்டால் எழுதி வைத்துக்கொள்கிற அளவுக்குப் பெருமை.

வின்ச்சில் உட்கார்ந்திருப்பவருக்குக் கப்பலின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. நடுவில் ஒருவன் நின்று கையால் சொல்ல வேண்டும். அந்த ஆளுக்கு டிராபிக் என்று பேர். போலீஸ்காரர் மாதிரி கை ஆட்டுவதால் வந்தது. மேலே என்றால் ஒரு வீச்சு, கீழே என்றால் ஒரு வீச்சு, நிறுத்து என்றால் முஷ்டி. கை போதாதென்று தொண்டையும் உண்டு. "தூக்கு... தூக்கு... தூக்கு... வை!" என்று அவன் போடுகிற சத்தம் எதிர்க்கரை வரை கேட்கும். அவனுக்குக் கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. டெரிக்குக்கு நேர் எதிர். அதனால்தானோ என்னவோ, இரண்டு பேரும் நகமும் சதையுமாக ஒட்டிப்போய்விட்டார்கள்.

ஒரு பழைய சரக்குக் கப்பல், செத்துப்போன இன்ஜினோடு இழுபட்டு வந்து சேர்ந்தபோதுதான் எல்லாம் ஆரம்பித்தது. அதன் தலைமை இன்ஜினியர் செம்பட்டை மீசைக்காரர், வெளிநாட்டுக்காரர். இன்ஜினை வெளியே எடுக்கப்போகிற ஏற்பாடுகளைப் பார்வையிட வந்தவர் கொட்டகைக்குள் தலையை நீட்டினார். டிராபிக் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நண்பனை அறிமுகப்படுத்தினான்.

"திஸ் மேன் நேம், டெரிக்."

இன்ஜினியர் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு கம்பத்தைக் காட்டி, இவரைக் காட்டி, "டெரிக்?" என்றார். டிராபிக் தலையை ஆட்டினான். அவ்வளவுதான், மனுஷன் கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் ஒரு காரியம் செய்தார். தன் கழுத்துக்குப் பக்கத்தில் முஷ்டியை வைத்து மேலே இழுத்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். நாக்கை வெளியே தள்ளினார். அப்புறம் டெரிக்கின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

டிராபிக் விழுந்து விழுந்து சிரித்தான். டெரிக்கும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார். ஆனால் வீட்டுக்கு வந்து தட்டில் கை வைத்ததும் அந்தச் சாய்ந்த தலை கண்முன் வந்து நின்றது. சோறு இறங்கவில்லை.

"எதுக்கு அப்படிச் செஞ்சான்னு தெரியல" என்றார்.

"கோமாளி ஒருத்தன் ஏதோ பண்ணான்னா அதைக் கட்டிச் சுமந்துக்கிட்டு வீட்டுக்கு வரணுமா?" என்றாள் மனைவி. "சாப்பிடுங்க."

ஆனால் அவர் விடவில்லை. மனைவியின் தம்பிக்கு ஒரு பத்திரிகை ஆபீசில் பிழை திருத்துகிற வேலை. சொற்களைப் பிடித்து உலுக்கி, அவற்றுக்கு அப்பன் யார், பாட்டன் யார் என்று விசாரிப்பதில் அவனுக்கு ஒரு கிறுக்கு. குடும்பத்தில் அவனுக்கு அகராதி என்று பேர். அவன் திமிராகப் பேசுவான் என்பதும் அதில் அடக்கம். டெரிக் அவனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார்.

"டெரிக்னா பாரம் தூக்கற மெஷின்தானே மச்சான்? அதுல கழுத்து எங்கேருந்து வந்துச்சு?"

அகராதியின் கண்கள் பளிச்சென்றன. "இருங்க மாமா. அது இங்கிலீஷுக்குச் சொந்தப் பிள்ளையா, தத்துப் பிள்ளையான்னு பார்த்துட்டு வரேன்."

அந்த வாரத்திலேயே இன்னொன்றும் நடந்தது. கொட்டகையில் உட்கார்ந்திருந்த டெரிக்கின் காதில் ஒரு சத்தம் விழுந்தது. பாரம் ஏறும்போது கம்பத்தின் உச்சியிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி 'டிக்.' பக்கத்தில் வெல்டிங் நடந்துகொண்டிருந்ததால் வேறு யாருக்கும் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏணியைப் பிடித்து மேலே ஏறினார். இரும்பு டெரிக்கின் கையைத் தாங்குகிற வயர் உச்சிக் கப்பியில் வளைந்து போகிற இடத்தில் ஒரு பழந்துணியைச் சுற்றிப் பிடித்து மெதுவாக இழுத்தார். துணி மாட்டிக்கொண்டது. உருவிப் பார்த்தால் மீன்முள் மாதிரி அறுந்த கம்பிகள் துணியைக் குத்திக்கொண்டு நின்றன. விரலில் சிவப்பாகத் துருப்பொடி ஒட்டியது. கீழே பார்த்தார். டிராபிக் கப்பலின் மேல்தட்டில் நின்று யாரோடோ கை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். அவ்வளவு உயரத்திலிருந்து அவன் சுண்டுவிரல் அளவுதான் இருந்தான்.

சூப்பர்வைசர் புதுசாக வந்தவர். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். போனைக் காதிலிருந்து எடுக்காமலே கேட்டுக்கொண்டார்.

"புது வயருக்குச் சொல்லியாச்சு. வந்துக்கிட்டே இருக்கு. இந்த இன்ஜினை மட்டும் எடுத்துக் குடுத்துட்டீங்கன்னா அப்புறம் மொத்தத்தையும் அவிழ்த்துப் போட்டு மாத்திடலாம்."

"இன்ஜின்தான் சார் எல்லாத்தையும் விட கனம்."

"இத்தனை வருஷம் தாங்கின வயர் இந்த வாரம் தாங்காதா?"

டெரிக் எதையோ சொல்ல வாயெடுத்து மென்று விழுங்கினார். அதிகாரிகளோடு வாதாடிப் பழகாத நாக்கு.

அகராதி விடுமுறை நாளில் வந்தான். கையில் எதுவும் இல்லை. எல்லாம் தலைக்குள் இருந்தது. மனைவி கூடத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். டிராபிக்கும் வந்திருந்தான்.

"மாமா, உங்க பேரோட பூர்வீகம் கிடைச்சிடுச்சு" என்று ஆரம்பித்தான் அகராதி. "இப்ப டெரிக்னா பாரம் தூக்கற யந்திரம். அதுக்கு முன்னாடி அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தம். தூக்குமரம்."

"என்ன மரம்?" என்றான் டிராபிக்.

"ஆளைத் தூக்குல போடற மரம். கயிறு, கப்பி, மேலேருந்து நீளற ஒரு கை. ரெண்டும் ஒரே ஜாடைதானே? அதைப் பார்த்துத்தான் இதுக்கும் அந்தப் பேரை வெச்சிருக்காங்க."

மனைவியின் கத்தி நின்றது. "டேய், இதைச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்தியா?"

"இரு அக்கா, இன்னும் இருக்கு. அந்த மரத்துக்கு ஏன் டெரிக்னு பேர்? அது ஒரு மனுஷனோட பேர். நானூறு வருஷம் முன்னாடி இங்கிலாந்துல இருந்தவன். தூக்குப் போடறதுதான் அவன் வேலை. எத்தனையோ பேரை அனுப்பி வெச்சவன். ஜனங்க அவன் பேரைச் சொல்லிச் சொல்லி, முதல்ல தூக்குப் போடறவன் எல்லாருக்கும் அந்தப் பேர் ஆச்சு. அப்புறம் மரத்துக்கே அந்தப் பேர் ஆச்சு. அப்புறம்தான் மெஷினுக்கு."

அந்தச் செம்பட்டை மீசைக்காரர் சாய்த்துக் காட்டிய தலையின் அர்த்தம் டெரிக்குக்கு இப்போது விளங்கியது.

அகராதிக்கு உற்சாகம் அடங்கவில்லை. "இதுல என்ன ஆச்சரியம்னா, நம்ம மொழியும் அதே வழியிலதான் போயிருக்கு. நீங்க பட்டறையில நாள் பூரா என்ன சொல்லிக் கத்தறீங்க? தூக்கு, தூக்கு! பாரத்துக்கும் அதே சொல், கழுத்துக்கும் அதே சொல். யாரும் யாரையும் பார்த்துக் காப்பியடிக்கல. தானா நடந்திருக்கு."

டிராபிக் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். "அப்போ நான்தான் தண்டனை குடுக்கற ஜட்ஜா? அண்ணன் நிறைவேத்தறவரா?"

"எழுந்திரிங்க ரெண்டு பேரும்" என்றாள் மனைவி. "பேசற பேச்சா இது? டீ குடிச்சிட்டுக் கிளம்புங்க." அவள் குரலில் கோபத்தை விடப் பயம்தான் அதிகம் இருந்தது.

டிராபிக் வாயில் போன விஷயம் ஊர் சுற்றாமல் இருக்குமா? மறுநாள் காலையில் டெரிக் கேட்டுக்குள் நுழைகிறார், செக்யூரிட்டி விறைப்பாக நின்று, "வணக்கம் தூக்குக்காரரே!" என்கிறார். வெல்டிங் ஆட்கள் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து நாக்கைத் தள்ளிக் காட்டுகிறார்கள். டீக்கடையில் ஒருவன், "அண்ணே, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல, கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க" என்கிறான். எல்லாம் பாசத்தில் செய்கிற கிண்டல்தான். யாருக்கும் அவர்மேல் பகை கிடையாது. டெரிக் சிரித்துக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்தார். நெம்புகோலைப் பிடித்ததும் கை வேர்த்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கை வேர்த்ததே இல்லை.

அன்றிலிருந்து அவருக்கு எல்லாம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. கொட்டகையின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் கம்பமும் அதன் நீண்ட கையும் வானத்தில் கறுப்பாகத் தெரியும். எத்தனையோ தடவை பார்த்த காட்சி. இப்போது பார்த்தால் அடியில் ஒரு கூட்டம் நிற்கிற மாதிரி இருந்தது. கொக்கி காற்றில் லேசாகத் திரும்பும்போது பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். டிராபிக் "தூக்கு!" என்று கத்தினால் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் உச்சியில் 'டிக்' என்று கேட்டதா, மனசுக்குள் கேட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இன்ஜினை எடுப்பதற்கு முந்தின நாள் பட்டறையில் எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினார்கள். யார் எங்கே நிற்பது, எந்தச் சங்கிலி, எப்போது ஆரம்பிப்பது என்றெல்லாம். சூப்பர்வைசர் முடிக்கும்போது டெரிக் எழுந்தார்.

"சார், வயர் சரியில்ல. மேல ஏறிப் பார்த்தேன். கம்பி அறுந்திருக்கு. இந்தக் கனத்துக்குத் தாங்காது. புதுசு வர்ற வரைக்கும் நிறுத்தி வைங்க."

மனுஷன் அவ்வளவு நீளமாகப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. பின்வரிசையிலிருந்து யாரோ, "தூக்குக்காரருக்கே தூக்குன்னா பயமாம்!" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. டிராபிக்கும் சிரித்தான். சூப்பர்வைசருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அண்ணே, பேரை நினைச்சுக் குழப்பிக்காதீங்க" என்றார் அவர், தன்மையாகத்தான். "நானூறு வருஷத்துக்கு முன்னால எவனோ என்னமோ பண்ணதுக்கு நாம என்ன செய்ய முடியும்? உங்களை மாதிரி ஓட்டறதுக்கு ஆள் கிடையாது. நீங்களே தயங்கினா எப்படி?"

"பேருக்காகச் சொல்லல சார். வயரு..."

"சரி சரி. மெதுவா எடுங்க, போதும்."

டெரிக் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு தடவை எழுந்து சொல்லியிருக்கலாம். துணியை எடுத்து வந்து மேஜைமேல் போட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பு அவரை உள்ளே குடைந்தது. பேர்தான் என்னைப் பயமுறுத்துகிறதோ? கேட்காத சத்தத்தைக் கேட்டதாக நினைக்கிறேனோ? வயர் அறுந்திருப்பது நிஜம், கண்ணால் பார்த்தது. ஆனால் கை வேர்த்தது வயரைப் பார்த்த அன்றா, பேரின் கதையைக் கேட்ட மறுநாளா? மறுநாள்தான். இது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவரால் கத்த முடியவில்லை.

சாயங்காலம் அகராதி மறுபடி வந்தான். புதுசாக ஒன்று கிடைத்திருக்கிறது என்று. அக்கா வாசலிலேயே மறித்தாள்.

"வேண்டாம்டா. அவர் சாப்பிட்டு நாளாகுது."

"சொல்லட்டும் விடு" என்றார் டெரிக் உள்ளேயிருந்து.

அகராதி தயங்கித் தயங்கிச் சொன்னான். "நிஜமா, கட்டின கதையான்னு தெரியாது மாமா. அப்படி ஒரு பேச்சு இருக்கு, அவ்வளவுதான். அந்த டெரிக் முதல்ல தூக்குப் போடறவன் இல்லையாம். ஏதோ பெரிய குத்தம் செஞ்சு மாட்டி, அவனுக்கே மரண தண்டனை ஆயிருக்கு. ஒரு பிரபு அவனைக் காப்பாத்தியிருக்காரு. உயிர்ப்பிச்சை வேணும்னா நீ இந்த வேலையைச் செய்யணும்னு நிபந்தனை."

"ஒத்துக்கிட்டானா?"

"வேற வழி? கொஞ்ச வருஷம் கழிச்சு அந்தப் பிரபு ராஜ துரோகம்னு மாட்டிக்கிட்டாரு. தலையை வெட்டச் சொல்லி உத்தரவு. வெட்டினது இவன்தான்னு சொல்றாங்க."

டெரிக் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "காப்பாத்தின ஆளையா?" என்று மட்டும் கேட்டார்.

காலையில் கிளம்பும்போது மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். "உடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க."

"நான் போகலன்னா கிரீஸ் போடறவனை உட்கார வைப்பாங்க. அவன் நெம்புகோலைப் பிடிச்சான்னா கழுதை உதைக்கிற மாதிரி ஒரு உதறு உதறுவான். முழுசா இருக்கிற வயரே தாங்காது. நான்னா மெதுவா எடுப்பேன்."

இதுவும் உண்மைதான். அவள் கையை விட்டாள்.

வானம் மூடிக்கொண்டிருந்தது, காற்று இல்லை. டெரிக் கொட்டகைக்குப் போகுமுன் டிராபிக்கைத் தேடிப் போனார்.

"நீ தட்டுமேல நிக்காத. கரையில நின்னு கை காட்டு."

"கரையில நின்னா உள்ள இருக்கிறது எனக்கு என்ன தெரியும்? குருடன் மாதிரி கை ஆட்டவா?" டிராபிக் சிரித்தான். நண்பனின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைக் குறைத்துக்கொண்டான். "நேத்து எல்லாரோடயும் சேர்ந்து சிரிச்சுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்கண்ணே."

"அதில்லடா. வயரு நிஜமாவே சரியில்ல."

"நீங்க இருக்கீங்கல்ல" என்றான் டிராபிக். சொல்லிவிட்டுப் பலகைப் பாலத்தில் ஏறிக் கப்பலுக்குப் போய்விட்டான்.

சங்கிலிகள் மாட்டினார்கள். டிராபிக்கின் கை அசைந்தது. "தூக்கு!" டெரிக் நெம்புகோலை நூல் பிடித்த மாதிரி இழுத்தார். வயர் விறைத்தது. கப்பல் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. கறுத்துப்போன அந்த இன்ஜின், இருட்டிலிருந்து கண் கூசுகிற கிழட்டு மிருகம் மாதிரி, மெல்ல மெல்லத் தட்டுக்கு மேலே தலையை நீட்டியது. அடியிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. கிண்டல் செய்தவர்கள் எல்லாரும் கரையில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டிக்.

டெரிக் நிறுத்தினார். இன்ஜின் அந்தரத்தில் நின்றது.

"ஏன் நிறுத்திட்டாரு?" சூப்பர்வைசர் கரையிலிருந்து கத்தினார். "எடுக்கச் சொல்லு!"

டிக். டிக். இந்தத் தடவை மனசுக்குள் இல்லை. டிராபிக்குக்கும் கேட்டிருக்க வேண்டும். அவன் சூப்பர்வைசரைப் பார்க்கவில்லை. உச்சிக் கப்பியை அண்ணாந்து பார்த்தான். பிறகு கொட்டகையைப் பார்த்தான். ஜன்னல் வழியாக அவன் முகம் டெரிக்குக்குத் தெளிவாகத் தெரிந்தது. விளையாட்டுத்தனம் சுத்தமாகத் துடைத்தெடுத்த முகம். வலது கையைத் தூக்கினான். கை தோள் உயரத்துக்கு வந்தது.

அந்தக் கை முழுசாக மேலே போகவில்லை.

துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். அறுந்த வயர் சாட்டையாகச் சுழன்று வந்து கொட்டகையின் தகரக் கூரையைக் கிழித்துக்கொண்டு போனது. டெரிக்கின் தலைக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருந்தால் அதிகம். அவர் குனியக்கூட இல்லை. ஜன்னலில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. இரும்பு டெரிக்கின் அந்த நீண்ட கை, டிராபிக் நின்ற கப்பல் தட்டின்மேல் இறங்கியதை முழுசாகப் பார்த்தார்.

விசாரணை என்று வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அறுந்த வயரைத் துண்டு வெட்டி எடுத்துப் போனார்கள். ஆபரேட்டர்மேல் குற்றமில்லை, முன்கூட்டியே சொல்லியிருக்கிறார் என்று முடிவானது. சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனார். போகிற அன்று கொட்டகை வாசலில் வந்து நின்றார். "நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார். டெரிக் தலையை ஆட்டினார். மன்னித்ததாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம்.

கிண்டல் நின்றது. அதோடு பேரும் நின்றது. அவரை டெரிக் என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. "அண்ணே" என்று ஆரம்பித்து அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். அவர் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு அடங்கியது. எல்லாரும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். முன்னால் காலரைப் பிடித்து நாக்கைத் தள்ளிக் காட்டிய வெல்டிங் ஆள், அவரைப் பார்த்ததும் கையைத் தன்னையறியாமல் கழுத்திலிருந்து எடுத்துக்கொண்டான். மரியாதைதான். ஆனால் அந்த மரியாதைக்குள் ஒரு சில்லிப்பு இருந்தது. எவனோ ஒருவனைப் பார்த்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஜனங்கள் இப்படித்தான் விலகி உட்கார்ந்திருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

அகராதி ரொம்ப நாள் அந்தப் பக்கமே வரவில்லை. வந்தபோது இளைத்திருந்தான். உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்தான்.

"மாமா, நான் பாதியில நிறுத்திட்டேன். அந்தச் சொல்லுக்கு இன்னும் முன்னாடி போகலாம். தூக்குப் போடறவனுக்கு அந்தப் பேர் எங்கேருந்து வந்துச்சுன்னு பார்த்தேன். டச்சுக்காரங்க பேரு. அதுக்கும் மேல ரொம்பப் பழைய பேர் ஒண்ணு இருக்கு. ராஜாக்களுக்கு வெச்ச பேர். மக்களை ஆள்பவன்னு அர்த்தம். அதுதான் மாமா வேர். மத்ததெல்லாம் நடுவுல வந்து ஒட்டினது."

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தான். ஒரு வார்த்தை வராதா என்று கெஞ்சுகிற பார்வை.

"முதல்ல இதைச் சொல்லியிருக்கலாமே மச்சான்" என்றார் டெரிக்.

"தெரியல மாமா அப்போ. பின்னாடியே போய்க்கிட்டு இருந்தேன். ஒவ்வொண்ணாத்தானே கிடைக்குது."

அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. மனைவி டீ கொண்டு வந்து தம்பி முன்னால் வைத்தாள். அவன் அதைத் தொடாமல் அழுதான். டெரிக் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வயர் அறுந்ததற்கு அவன் காரணம் இல்லை, யாருக்கும் தெரியும். ஆனால் அந்த வயரைப் பற்றிச் சொன்ன வார்த்தை ஏன் யார் காதிலும் ஏறவில்லை என்பதும் வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். அதை அவர்கள் ஒருநாளும் வாய்விட்டுப் பேசவில்லை.

டெரிக் மறுபடி நெம்புகோலைத் தொடவில்லை. பட்டறையில் அவரை வயர் கிடங்குக்கு மாற்றினார்கள். வயர், சங்கிலி, கொக்கி எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் வேலைக்குப் போகும். பழந்துணியைச் சுற்றி முழு நீளத்துக்கும் உருவிப் பார்ப்பார். துணி ஒரு இடத்தில் மாட்டினால் போதும், அங்கேயே வெட்டிப் போட்டுவிடுவார். புது சூப்பர்வைசர் நல்ல வயரையும் சேர்த்து வெட்டுகிறாரோ என்று சந்தேகப்பட்டார். ஆனால் நேருக்கு நேர் கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. துறையில் புது கிரேன் வந்துவிட்டது. அதற்குத் தகரக் கொட்டகை கிடையாது; ஓட்டுகிறவர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பார். அது பாரம் தூக்குகிற நேரமெல்லாம் டெரிக் செய்கிற வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். பாரம் தரையில் உட்கார்ந்த பிறகுதான் மூச்சு விடுவார்.

டிராபிக்கின் மனைவி ஒரு நாள் கிடங்குக்கே வந்தாள். புருஷன் சாவுக்கு ஈடாக அவளுக்குப் பட்டறை கேண்டீனில் வேலை கொடுத்திருந்தார்கள். அதுவரை இரண்டு பேரும் தனியாகப் பேசிக்கொண்டதில்லை. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"டெரிக் அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

ரொம்ப நாள் கழித்து அந்தப் பேரைக் கேட்டதும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு அவர் எப்போதும் டெரிக் அண்ணன்தான்.

"கடைசியா அவரு கையைத் தூக்கினாருன்னு சொன்னாங்க. என்ன காட்டினாரு?"

விசாரணையிலும் இதைக் கேட்டார்கள். ராத்திரி படுக்கையில் அவரே தன்னைக் கேட்டுக்கொள்ளாத நாளில்லை. இறக்கு என்றா, நிறுத்து என்றா, சூப்பர்வைசர் சொன்னபடி தூக்கு என்றா?

"தெரியலம்மா. தோள் வரைக்கும்தான் வந்துச்சு. விரல் விரிஞ்சிருந்துச்சு. அவ்வளவுதான் பார்த்தேன்."

"செஞ்சு காட்டுங்க."

அவர் தயங்கினார். பிறகு வலது கையைத் தோள் உயரத்துக்குக் கொண்டுவந்து, விரல்களை விரித்து, அப்படியே நிறுத்தினார். அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைகளோடும் சண்டையிலும் சாப்பாட்டு நேரத்திலும் அவன் கை பேசினதையெல்லாம் பார்த்துப் பழகிய கண்கள்.

"இது மெஷினுக்குக் காட்டறது இல்லண்ணே" என்றாள். "எங்க வீட்டுல பிள்ளைங்க அடுப்புகிட்ட வந்தா இப்படித்தான் கையை நீட்டுவாரு. தள்ளிப் போன்னு. உங்களை வெளிய ஓடச் சொல்லியிருக்காரு."

டெரிக்கின் கை அந்தரத்திலேயே நின்றது. கிழிந்த கூரை ஞாபகம் வந்தது. இத்தனை நாளும் அந்தக் கை எதைச் செய்யச் சொன்னது என்று மட்டும்தான் யோசித்திருந்தார். தனக்காகத் தூக்கிய கையாக இருக்கும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. கொட்டகையைப் பார்த்துக் கையைத் தூக்கிய நேரத்தில் அவன் இரண்டடி நகர்ந்து தப்பியிருக்கலாம்; நகரவில்லை. தானாவது வாய் திறந்து அவனைக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை.

"கேட்டுடணும்னு இருந்தேன். கேட்டுட்டேன்" என்றாள் அவள். கேண்டீனில் அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வெளியே கண்ணாடி அறைக்காரர் கிரேனைக் கிளப்புகிற சத்தம் கேட்டது. யாரோ கீழே நின்று கத்தினார்கள். டெரிக் கையை இறக்கிவிட்டு வாசலுக்கு வந்தார். பாரம் மேலே ஏற ஆரம்பித்திருந்தது. அதன் நிழல் கிடங்கு வாசலைத் தாண்டி, கேண்டீனை நோக்கி நடந்துகொண்டிருந்த அவள் முதுகின்மேல் மெதுவாக ஊர்ந்தது.

"தங்கச்சி, தள்ளிப் போம்மா!" என்று கத்தினார். பட்டறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அவ்வளவு சத்தமாகக் கத்தி யாரும் கேட்டதில்லை.